பாகங்களைக் கழற்றிய பழைய காரை ஸ்கிராப்புக்கு ஏற்றி அனுப்புவது எப்படி?

ஓடி ஓய்ந்த காரில் நல்ல நிலையில் இருக்கும் பாகங்களைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தை எடைக்குப் போடுவது லாபமான வேலைதான். சிக்கல் வருவது பெரும்பாலும் வண்டியை எடுக்க லாரி வந்து நிற்கும்போது. ஸ்டியரிங் பூட்டிக்கொண்டிருக்கும், ஹேண்ட் பிரேக் விடாது, ஒரு பக்கம் சக்கரமே இருக்காது. உருளாத காரை வின்ச் (கம்பி வடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி) போட்டு இழுத்தால் தரையும் பெயரும், லாரியின் தளமும் கெடும் என்பதால் டிரைவர் ஏற்ற மறுத்துவிடுவார். வந்து போன செலவு உங்கள் தலையில் விழும். எதை எடுத்தாலும் சரி, கடைசிவரை கார் நாலு சக்கரத்தில் உருள வேண்டும், ஸ்டியரிங் திரும்ப வேண்டும், இழுக்க ஒரு கொக்கி மாட்டும் இடம் வேண்டும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு ஸ்பானரைக் கையில் எடுங்கள்.

முதலில் பேசிவிடுங்கள்

பழைய கார் எடுப்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஓடக்கூடிய பாகங்களைத் தனித்தனியாக விற்றுவிட்டுக் கடைசியில் கூட்டை நசுக்குபவர்கள் ஒரு வகை. இரும்பு எடைக்கு மட்டும் வாங்குபவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினரிடம் ஹெட்லைட், கண்ணாடி, ஆல்டர்னேட்டர் என்று நீங்கள் எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் விலை இறங்கும். இரண்டாம் வகையினர் அவற்றைக் கண்டுகொள்ள மாட்டார்கள். எஞ்சின், கியர் பாக்ஸ், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகைக்குழாயில் நச்சுப் புகையைக் குறைக்கும் டப்பா), பேட்டரி, சக்கரங்கள் இருக்கின்றனவா என்று மட்டும் கேட்பார்கள். நீங்கள் நிறையக் கழற்றப் போகிறீர்கள் என்றால் இரண்டாம் வகையினரிடம் பேசுவதுதான் கட்டுப்படியாகும்.

கழற்றத் தொடங்குவதற்கு முன்பே இரண்டு விலை கேளுங்கள்: முழுக் காருக்கு எவ்வளவு, இன்னின்ன பாகம் இல்லாமல் எவ்வளவு. வித்தியாசம் தெரிந்தால்தான் ஒரு பாகத்துக்காக அரை நாள் மல்லுக்கட்டுவது லாபமா என்று கணக்குப் போட முடியும். சின்ன கார் ஒன்று ஏறக்குறைய 900 முதல் 1,100 கிலோ இருக்கும். நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் 100 முதல் 150 கிலோ, மேனுவல் கியர் பாக்ஸ் 35 முதல் 50 கிலோ. இரண்டையும் இறக்கினால் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போகிறது. ஆனால் விலை அதைவிட அதிகமாக இறங்கும், ஏனென்றால் எஞ்சினிலும் கியர் பாக்ஸிலும் இருக்கும் அலுமினியத்துக்குக் கலப்பு இரும்பைவிட மதிப்பு அதிகம்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டர் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. அதற்குள் இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கானில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசப்பட்டிருக்கும். கம்பெனி ஃபிட்டிங்காக வந்ததில் இந்த உலோகங்கள் கணிசமாக இருக்கும். பிறகு வெளிச்சந்தையில் வாங்கி மாற்றியதில் மிகக் குறைவு. காரின் மொத்த ஸ்கிராப் விலையில் பெரும்பங்கு இந்த ஒரு டப்பாவில் அடங்கிவிடுவதும் உண்டு. அதை எடுக்கப் போகிறீர்களா இல்லையா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் எடுத்தால் லாரி வந்த பிறகு டிரைவர் குனிந்து பார்க்கும் முதல் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டு கொண்டுவந்த ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான சட்டம், கடைசி உரிமையாளர் காரைக் கட்டணமில்லாமல் ஒப்படைக்க வழிசெய்கிறது. அதிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது: எஞ்சின், பாடி போன்ற முக்கியப் பாகங்கள் இல்லை என்றாலோ, காருக்குள் வேறு குப்பையைப் போட்டு நிரப்பியிருந்தாலோ கட்டணம் வாங்கலாம். உலகம் முழுக்க ஸ்கிராப் எடுப்பவர்களின் நடைமுறையும் கிட்டத்தட்ட இதுதான். எடை கூட்டலாம் என்று பழைய டயரையும் உடைந்த மேசை நாற்காலியையும் பின் சீட்டில் அடைத்து அனுப்பாதீர்கள். டயரையும் பிளாஸ்டிக்கையும் அப்புறப்படுத்த அவர்களுக்குத்தான் செலவு, அதை உங்கள் பணத்தில் கழித்துவிடுவார்கள்.

எதை எடுப்பது, எதை விடுவது? எடை குறைவு, விலை அதிகம், கழற்ற எளிது என்ற மூன்றும் சேர்ந்த பாகங்களே கழற்றத் தகுந்தவை. ஹெட்லைட், டெயில் லைட், பக்கக் கண்ணாடிகள், ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், ஸ்டீரியோ, நல்ல டயரோடு இருக்கும் அலாய் வீல், கிழியாத சீட்டுகள் ஆகியவை இந்த வகை. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.எம். பெட்டியைத் தனியாக எடுத்துப் பயனில்லை. இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள கார்களில் அது சாவியோடும் இம்மொபிலைசரோடும் ஜோடி சேர்க்கப்பட்டிருக்கும், மூன்றையும் ஒரே செட்டாக விற்றால்தான் வாங்குபவருக்கு உதவும். முன் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், அறுத்து எடுக்கும்போது பாதிக்கு மேல் உடைந்துவிடும். அதை விட்டுவிடுங்கள். எஞ்சினை வாங்க ஆள் கையில் இருந்தால் மட்டும் இறக்குங்கள்.

பேட்டரி இருக்கும்போதே செய்ய வேண்டியவை

கழற்றுபவர்கள் முதலில் கைவைப்பது பேட்டரியில். அங்கேதான் பாதிப் பிரச்சினை ஆரம்பிக்கிறது. பேட்டரி போனால் புதிய கார்களில் பல விஷயங்கள் இருந்த நிலையிலேயே உறைந்துவிடும். அதனால் மின்சாரம் இருக்கும்போதே கீழ்க்கண்டவற்றை முடித்துவிடுங்கள்.

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள கார் என்றால் இது இன்னும் முக்கியம். பிரேக் பிடித்த நிலையில் பேட்டரியை எடுத்துவிட்டால் பின் சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொள்ளும்.

ஆட்டோமேட்டிக் காரில் 'பி' நிலையிலிருந்து லீவரை நகர்த்த மின்சாரமும் பிரேக் மிதியும் தேவை. முதலிலேயே 'என்' நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். லீவருக்குப் பதில் பட்டனோ திருகோ இருக்கும் சில கார்கள் மின்சாரம் நின்றதும் தாமாகவே 'பி'க்குப் போய்விடும். அவற்றில் கையால் விடுவிக்க ஒரு கேபிளோ சின்ன லீவரோ இருக்கும். எங்கே இருக்கிறது என்று காரோடு வந்த கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவர் பக்கக் கண்ணாடியைக் கீழே இறக்குங்கள். கதவு திறக்காவிட்டாலும் கையை விட்டு ஸ்டியரிங்கைத் திருப்ப வழி வேண்டும். மழை வந்தால் பாலித்தீன் போட்டு மூடிக்கொள்ளலாம். டிக்கி பட்டனில் திறப்பது என்றால் திறந்து, பூட்டு மாட்டாதபடி ஒரு துணியைச் செருகி வையுங்கள். எலெக்ட்ரிக் சீட்டை எடுப்பதாக இருந்தால் முழுக்க முன்னால் தள்ளிப் பின் போல்ட்டுகளையும், முழுக்கப் பின்னால் தள்ளி முன் போல்ட்டுகளையும் இப்போதே கழற்றுங்கள். பேட்டரி போன பிறகு சீட் நகராது, போல்ட் சீட்டுக்கு அடியிலேயே மாட்டிக்கொள்ளும்.

திரையுள்ள ஸ்டீரியோவில் உங்கள் போன் நம்பர்கள், வீட்டு முகவரி எல்லாம் பதிந்திருக்கும். 'ஃபேக்டரி ரீசெட்' கொடுத்து அழித்துவிடுங்கள். சுங்கச்சாவடி ஸ்டிக்கர், மெமரி கார்டு, டேஷ் கேமரா ஆகியவற்றையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக எரிபொருள் அழுத்தம். பெட்ரோல் இன்ஜெக்ஷன் எஞ்சினில் லைனில் ஏறக்குறைய 3 முதல் 4 பார் அழுத்தம் நிற்கும். எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தால் ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சில விநாடி ஓடி நிற்கும், அழுத்தமும் இறங்கிவிடும். இதைச் செய்யாமல் பைப்பைக் கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் பானெட்டுக்கு அடியில் உள்ள பம்பின் அழுத்தம் இதைப்போல் பல மடங்கு, அந்த லைனில் கைவைக்காதீர்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு பேட்டரியின் மைனஸை முதலில், பிளஸை அடுத்ததாகக் கழற்றுங்கள். முதலில் பிளஸில் கைவைத்தால் ஸ்பானர் பாடியில் பட்டு நெருப்புப் பொறி பறக்கும்.

ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களுக்கு இந்த வழி பொருந்தாது. ஆரஞ்சு நிறக் கேபிள் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த வேலை பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும்.

எண்ணெய், கூலன்ட், கேஸ்

எந்தப் பாகத்தைத் திறக்கப் போகிறீர்களோ அதற்குரிய திரவத்தை மட்டும் வடியுங்கள். மிச்சத்தை ஸ்கிராப் யார்டில் அதற்கான ஏற்பாட்டோடு வடித்துக்கொள்வார்கள். எஞ்சின் ஆயில் 3.5 முதல் 5 லிட்டர், கூலன்ட் 4 முதல் 7 லிட்டர், மேனுவல் கியர் ஆயில் சுமார் 2 லிட்டர் வரும், அதற்கேற்ற கேன்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றோடு ஒன்றைக் கலக்காதீர்கள். பழைய ஆயிலில் கூலன்டோ பிரேக் ஆயிலோ கலந்துவிட்டால் அதை மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிவிட்டுச் செத்துப்போகும். ரேடியேட்டர் ஹோஸைக் கழற்றும்போது தரையில் சிந்தியதை உடனே தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுங்கள், திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்காதீர்கள்.

பெட்ரோல் டேங்கில் முடிந்த அளவு குறைவாக இருப்பது நல்லது. திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பிறகு, கைப் பம்பால் எடுத்து மூடியுள்ள கேனில் ஊற்றுங்கள். காலி டேங்க் என்று அசட்டையாக இருக்க வேண்டாம். காலி டேங்கில் நிற்பது ஆவிதான், எளிதில் தீப்பிடிப்பதும் அதுதான். டேங்குக்கும் பைப்புக்கும் பக்கத்தில் கிரைண்டரோ கேஸ் கட்டரோ வேண்டவே வேண்டாம்.

ஏசி கம்ப்ரஸரை எடுக்க ஆசைப்படுபவர்கள் பலர். லைனைத் திறந்தால் உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கேஸ் சீறிக்கொண்டு வரும். பல கார் ஏசிகளில் இருக்கும் ஆர்134ஏ கேஸ் கொதிப்பது மைனஸ் 26 டிகிரி செல்சியஸில். கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் வாயு அது. காற்றில் விடுவது பல நாடுகளில் குற்றம். ஏசி மெக்கானிக்கிடம் மெஷின் வைத்து கேஸை உறிஞ்ச வைத்த பிறகே கம்ப்ரஸரைத் தொடுங்கள். அந்த வசதி இல்லையென்றால் கம்ப்ரஸர், கண்டென்சர், பைப் எல்லாவற்றையும் காரிலேயே விட்டுவிடுங்கள்.

கழற்றும்போது

காருக்கு அடியில் போவதானால் ஜாக்கியை நம்பாதீர்கள், செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அதைவிட நம்பாதீர்கள். ஜாக் ஸ்டாண்ட் வைத்து, காரை ஒரு தடவை கையால் பலமாக ஆட்டிப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின நாள் மாலையே ஊடுருவும் எண்ணெய் அடித்து ஊறவையுங்கள். வீல் நட்டு, ஹப் நட்டு (சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய நட்டு) ஆகியவற்றைக் கார் தரையில் நிற்கும்போதே, பிரேக்கை ஒருவர் மிதித்துப் பிடித்திருக்கும்போதே தளர்த்துங்கள். ஹப் நட்டின் இறுக்கம் பெரும்பாலும் 180 முதல் 300 நியூட்டன் மீட்டர். ஜாக்கியில் தூக்கி வைத்துவிட்டு அதோடு போராடினால் கார் ஸ்டாண்டிலிருந்து சரியும்.

ஏர்பேக் விற்கலாம் என்று எடுப்பவர்கள், பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும், கன்ட்ரோல் யூனிட்டுக்குள் இருக்கும் கெபாசிட்டர் அடங்க நேரம் பிடிக்கும். மஞ்சள் சாக்கெட் கண்ட இடமெல்லாம் ஏர்பேக் சம்பந்தப்பட்டது, சீட்டுக்கு அடியில், சீட் பெல்ட் சுருளும் இடத்தில்கூட. அதில் மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்காதீர்கள், மீட்டரின் சின்ன மின்சாரமே வெடிக்க வைத்துவிடக்கூடும். கழற்றிய ஏர்பேக்கின் மெத்தைப் பக்கம் உடம்புக்கு எதிர்ப்புறம் இருக்கும்படி தூக்குங்கள், கீழே வைக்கும்போது அந்தப் பக்கம் மேலே பார்க்கட்டும். கவிழ்த்து வைத்து அது வெடித்தால் மொத்தமும் ராக்கெட்டாகக் கிளம்பும்.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங்கைப் பிரிக்க மேல் நட்டைக் கழற்றுவது உயிருக்கு ஆபத்து. ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். ஷாக் அப்சார்பரையும் டிக்கியைத் தூக்கும் கேஸ் ராடையும் அறுக்கவும் கூடாது. உள்ளே அழுத்தம் உண்டு.

உருளும் நிலையில் வைத்திருப்பது

அலாய் வீலை எடுத்தால் பழைய ஸ்டீல் வீலோ ஸ்டெப்னியோ மாட்டிவிடுங்கள். துளை எண்ணிக்கையும் இடைவெளியும் பொருந்த வேண்டும். ஹப்பில் முழுக்க உட்கார வேண்டும். நட்டின் அடிப்பாகம் சிலவற்றில் கூம்பு வடிவம், சிலவற்றில் உருண்டை வடிவம். மாற்றிப் போட்டால் இறுகியதுபோலத் தெரிந்து, நாலு அடி உருண்டதும் சக்கரம் ஆடத் தொடங்கும். சக்கரத்துக்குக் குறைந்தது மூன்று நட்டாவது இருக்கட்டும். காற்று நிற்காத டயரானால் லாரி வரும் காலையில் காற்று அடித்துக்கொள்ளுங்கள். திருட்டுத் தடுப்பு நட்டு இருந்தால் அதற்கான சாவியைக் காரிலேயே விடுங்கள்.

அடுத்தது அதிகம் பேருக்குத் தெரியாத இடம். முன் சக்கரம் இழுக்கும் பல கார்களில் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) பேரிங்கின் உள்வளையம் இரண்டு பாதியாக இருக்கும். கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் நுனியில் இறுக்கும் பெரிய நட்டுதான் இரு பாதியையும் சேர்த்துப் பிடிக்கிறது. எஞ்சினையோ கியர் பாக்ஸையோ இறக்க டிரைவ் ஷாஃப்டை உருவி எடுத்துவிட்டு, காரைச் சக்கரத்தில் இறக்கித் தள்ளினால் பேரிங் பிளந்து குண்டுகள் கொட்டும், சக்கரம் சாய்ந்து நிற்கும். ஷாஃப்டைக் கழற்றும்போது வெளி ஜாயின்ட்டைப் பிரித்து, அதன் நுனியை மட்டும் ஹப்பில் திரும்பச் செருகி நட்டை இறுக்கிவிடுங்கள். அது முடியாதென்றால் துளைக்குப் பொருந்தும் தடித்த போல்ட் ஒன்றை, இரண்டு பக்கமும் பெரிய வாஷர் வைத்து, ஹப் வழியாகச் செலுத்தி முறுக்குங்கள். ஷாஃப்டை உருவியதும் கியர் ஆயில் அந்த வழியே கொட்டும் என்பதால் அடியில் டப் வையுங்கள்.

எஞ்சினைச் சில கார்களில் சப்ஃபிரேமோடு (பாடிக்கு அடியில் போல்ட் போட்ட தனிச் சட்டம்) சேர்த்துக் கீழே இறக்குவார்கள். முன் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் பொருந்துவது அந்த சப்ஃபிரேமில்தான். அது போனால் முன் சக்கரங்களுக்குப் பிடிமானமே இருக்காது. எஞ்சினைப் பிரித்தெடுத்ததும் காலி சப்ஃபிரேமைத் திரும்ப மாட்டிவிடுங்கள். முன் சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் ரேக், டை ராடு ஆகியவற்றைத் தொடாமல் இருப்பது உத்தமம். எடுத்தே ஆக வேண்டும் என்றால், இடது வலது ஸ்டியரிங் ஆர்ம்களை ஒரு இரும்புக் கோலால் இணைத்து, சக்கரங்கள் நேராக நிற்கும்படி கட்டுங்கள். கட்டாவிட்டால் வின்ச் இழுத்ததும் ஒன்று உள்ளே பார்க்கும், ஒன்று வெளியே பார்க்கும். சாவியும் சாவி போடும் பூட்டும் காரிலேயே இருக்கட்டும். ஸ்டியரிங் பூட்டிக்கொண்டால் விடுவிக்க அதுதான் வழி.

ரொம்ப நாள் நின்ற காரில் பின் டிரம்முக்குள் பிரேக் ஷூ துருவேறி ஒட்டியிருக்கும். டிரம்மின் விளிம்பைச் சுற்றிச் சுத்தியலால் தட்டுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். விடாவிட்டால் பின்பக்கத் தகட்டில் உள்ள சின்னத் துளை வழியே அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள்.

இழுக்கும் கொக்கி பெரும்பாலும் ஸ்டெப்னி வைக்கும் குழிக்குள் டூல்ஸோடு இருக்கும். பம்பர் மூடிக்குப் பின்னால் திருகிப் பொருத்த வேண்டும். பல கார்களில் இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். கவனிக்க வேண்டிய விஷயம், அந்தத் திருகு பெரும்பாலும் பம்பருக்குள் இருக்கும் குறுக்குச் சட்டத்தில்தான் இருக்கிறது. பம்பரை விற்கும்போது சட்டத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் கொக்கி மாட்ட இடமில்லை. மேல் பிளாஸ்டிக்கை மட்டும் கொடுங்கள், சட்டத்தை விடுங்கள்.

லாரி வரும் இடம், வரும் நாள்

காரின் முகமோ முதுகோ நேராக வழியைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். வின்ச் நேர்கோட்டில்தான் நன்றாக இழுக்கும். லாரியின் நீளத்தோடு காரின் நீளமும் சேர்ந்த இடம் முன்னால் காலியாக வேண்டும். கிரேன் வைத்த லாரி என்றால் உருளாத காரையும் தூக்கிவிடும், ஆனால் மேலே மின்கம்பியும் மரக்கிளையும் இருக்கக் கூடாது. கிரேன் லாரி வேண்டுமா, சாய்தள லாரி வேண்டுமா என்பதை நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். இளகிய மண்ணானால் சக்கரத்துக்கு அடியில் பலகை போட்டு வையுங்கள். பானெட், கதவு, கழற்றிப் போட்ட தகடு எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டுங்கள், நெடுஞ்சாலையில் பறந்தால் பின்னால் வருபவருக்கு ஆபத்து.

முந்தின நாளே காரின் நாலு பக்கமும், எஞ்சின் இருக்கும் இடமும், அடிப்பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பி, விலையை எழுத்தில் வாங்குங்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது, பேட்டரி இல்லை என்று தெளிவாக எழுதுங்கள். லாரியில் ஏற்றிய பிறகு, 'இது இல்லையே, அது இல்லையே' என்று குறைக்கப் பார்க்கும் பேரத்துக்கு இதுதான் மருந்து. எடை போட்டு விலை என்றால் எடைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

சேஸிஸ் எண் பொறித்த தகட்டையோ அந்த இரும்பையோ வெட்டாதீர்கள். எண் இல்லாத கார் திருட்டுக் காராகப் பார்க்கப்படும், ஒழுங்கான யார்டு எதுவும் தொடாது. பதிவு ஆவணம், அடையாளச் சான்று, கடன் இருந்தால் அது தீர்ந்ததற்கான கடிதம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். காரைக் கொடுக்கும்போது தேதி, நேரம், சேஸிஸ் எண், எடுத்தவர் நிறுவனப் பெயர் எழுதிய ரசீது வாங்குங்கள். பிறகு அழிப்புச் சான்றிதழ் கேட்டு வாங்கி, வாகனப் பதிவு அலுவலகத்தில் பதிவை நீக்குங்கள். அதுவரை அந்த எண்ணில் வரும் அபராதமும் வரியும் உங்கள் பெயரில்தான் வரும். காப்பீட்டையும் பதிவு நீங்கிய பிறகே ரத்து செய்யுங்கள். மிச்ச மாதங்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா என்று அப்போதே கேளுங்கள்.